பூட்டிய கழிப்பறையும் என் சிறுநீரகமும்

தனபால் சார், என்னைக் கெடுத்தது கிருஷ்ணகிரி வெயில் இல்லை. நீங்கள்.

நான் விரதம் இருந்துகொண்டு ஆடியதால்தான் விழுந்தேன் என்று கம்பெனி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். நான் எந்தச் சாமிக்கும் விரதம் இருக்கவில்லை. அன்று காலை கம்பெனி வேனில் பொட்டலம் பிரித்து வயிறு நிறைய இட்லி தின்றேன். பக்கத்து இருக்கையில் நீங்களும் தின்றீர்கள். நான் குடிக்காமல் இருந்தது தண்ணீரை மட்டும்தான். குடிக்கக் கூடாது என்று சொன்னது நீங்கள்.

இனி மற்றவர்களுக்கு. இதைப் படிக்கிறவர்களில் சிறுநீரகம் கெட்டவர்கள் இருப்பீர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண் விழிப்பவர்களும் இருப்பீர்கள். எனக்கு நடந்ததைச் சொன்னால் உங்களுக்குக் கொஞ்சமாவது பயன்படும். கோபமில்லாமல் சொல்ல எனக்கு வராது.

என் பெயர் ராஜம்மா. சூளகிரிப் பக்கம். ஓசூரில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில், பாகங்களைப் பூட்டும் பிரிவில் டெம்பரவரியாக இருந்தேன். கம்பெனியின் பெண்கள் பூப்பந்து அணியில் பின்வரிசை ஆட்டக்காரி. இது இறகுப்பந்து இல்லை. பக்கத்துக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளிப் பந்து, திறந்த வெளியில் மண் தரை. தனபால் சார் கம்பெனியில் பெர்சனல் ஆபீசர். எங்கள் அணிக்கு மேனேஜரும் அவர்தான், ஆலைகளுக்கு இடையிலான போட்டியை நடத்தும் குழுவுக்குச் செயலாளரும் அவர்தான். கோப்பையை ஜெயித்தால் எங்களைப் பெர்மனென்ட் செய்ய எழுதுவதாகச் சொல்லியிருந்தார். அப்படிச் சொன்ன மனிதரிடம் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

அந்த வருடம் போட்டியைக் கிருஷ்ணகிரியில் வைத்தார்கள். சித்திரை மாதம். ஓசூர்க்காரர்களுக்கு வெயில் தெரியாது. எங்கள் ஊர் மேட்டில் இருக்கிறது, சித்திரையிலும் விடியற்காலையில் போர்வை வேண்டும். கிருஷ்ணகிரி பள்ளம். சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, காலையில் ஏறும் சூடு இருட்டிய பிறகும் இறங்காது. சாயங்காலமானால் காற்று கிளம்பிக் கம்பளிப் பந்தைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று உச்சி வெயிலில் ஆட்டத்தை வைத்தார்கள். பந்தைப் பற்றி யோசித்தவர்கள் ஆடுகிறவர்களைப் பற்றி யோசிக்கவில்லை.

மைதானத்தில் பெண்களுக்கு என்று ஒரு மறைவும் இல்லை. ஆண்கள் சுவருக்குப் பின்னால் போனார்கள். ஷாமியானாவுக்குப் பக்கத்தில் மட்டும் புதிதாக ஒரு கழிப்பறை கட்டி, சுண்ணாம்பு அடித்து, பூட்டு போட்டிருந்தார்கள். சாவி தனபால் சாரின் சட்டைப் பையில். எங்கள் கேப்டன் கஸ்தூரி போய்க் கேட்டாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள், வாய் நீளம்.

"சார், சாவியக் கொஞ்சம் தாங்க. புள்ளைக ஒரு எட்டு போயிட்டு வந்துரட்டும்."

"அது சீஃப் கெஸ்ட் வீட்டம்மாவுக்கும்மா. அவங்க வர்ற வரைக்கும் சுத்தமா இருக்கணும்."

"அப்ப நாங்க எங்க போறது சார்?"

"குடிச்சாத்தானே போகணும்? ஆட்டம் முடியிற வரைக்கும் ஒருத்தியும் ஒரு சொட்டு தண்ணி தொடக்கூடாது. தண்ணி குடிச்சா வயிறு கனத்துடும், கால் எழும்பாது. இது டிசிப்ளின்."

கஸ்தூரி திரும்பி வந்து எங்களிடம் சொன்னாள்: "ஏட்டி, அந்தக் கக்கூஸுக்கு இன்னும் கும்பாபிஷேகம் ஆவலையாம். நாம முன்னால போனா தீட்டாம்."

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பகலில் நான் சிரித்தது அதுதான் கடைசி.

உண்மையைச் சொன்னால், தண்ணீர் குடிக்காமல் இருப்பது எங்களுக்குப் புதிதில்லை. வெளியூர் மைதானம் என்றாலே முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீரைக் குறைத்துவிடுவோம். போக இடமில்லாத பெண்கள் எல்லோரும் செய்வதுதான். ஓசூர் குளிரில் அது தலைவலியோடு போய்விடும். நாங்கள் வேறு வழியில்லாமல் செய்துகொண்டிருந்ததைத் தனபால் சார் சட்டமாக்கினார்.

அதோடு உப்பு மாத்திரை கொடுத்தார். கம்பெனியில் உலைப் பிரிவில் வேலை செய்கிறவர்களுக்கு, வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்ட அந்த மாத்திரை கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் முனிராஜ் உலையில்தான் வேலை செய்கிறார். அங்கே மாத்திரை டப்பாவும் தண்ணீர்ப் பானையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மாத்திரையைப் போட்டால் ஒரு செம்பு தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். இவர் டப்பாவை மட்டும் எடுத்து வந்துவிட்டார். எங்களை வரிசையில் நிற்கவைத்து, பிரசாதம் மாதிரி ஆளுக்கு இரண்டு கொடுத்தார். எச்சிலைக் கூட்டி விழுங்கினோம்.

அரையிறுதியை ஜெயித்தோம். இறுதி ஆட்டம் பர்கூர்ப் பக்கத்து அணியோடு. இரண்டாவது செட்டில் என் தொடை கல்லாக இறுகியது. கையைத் தடவிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது. அவ்வளவு நேரம் கொட்டிய வியர்வை நின்றுபோயிருந்தது. அதை நல்லது என்று நினைத்தேன். உங்களுக்குச் சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: கொளுத்தும் வெயிலில் ஓடிக்கொண்டிருப்பவருக்கு வியர்வை நின்றால், உடம்பு தன்னைக் குளிரவைக்கும் வேலையைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பில் தண்ணீரைக் கொட்டி விசிறுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புங்கள்.

தனபால் சார் வலி மாத்திரை ஒன்றைக் கையில் வைத்தார். "ஜெயிக்கிற நேரத்துல உட்காராதம்மா." அதையும் விழுங்கினேன். அதற்குப் பிறகு பந்து இரண்டாகத் தெரிந்தது. நான் வலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்று கஸ்தூரி பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை. விழுந்ததும் நினைவில்லை. மாற்று ஆட்டக்காரியை இறக்கி ஆட்டத்தை முடித்திருக்கிறார்கள். கோப்பை எங்களுக்குத்தான்.

கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்சம்போல் சிறுநீர் வந்தது, கடுங்காப்பி நிறத்தில். நர்ஸ் பார்த்துவிட்டு, பாட்டிலை மாற்றிவிட்டுப் போனாள். பிறகு அதுவும் வரவில்லை. பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள், ஏற்றியதெல்லாம் உள்ளேயே நின்றது. முகம் உப்பி, கண் இடுங்கிவிட்டது. முனிராஜ் வாடகைக் கார் பிடித்து என்னைப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்.

பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். கன்னடக்காரர், தமிழும் பேசினார். முதல் கேள்வி, "நீரு குடிலில்வா?" தண்ணீர் குடிக்கவில்லையா என்று கேட்கிறார். இல்லை என்றேன். ஏன் என்றார். கழிப்பறை இல்லை என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. அதற்காக அவரை இன்றும் கும்பிடுகிறேன்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். எனக்கு வந்தது வெப்பத் தாக்கு (உடம்பின் சூடு கட்டுக்கு அடங்காமல் ஏறுவது). அதனால் தசைச் சிதைவு (தசை உடைந்து அதன் சாயம் ரத்தத்தில் கலப்பது). அந்தச் சாயம்தான் கடுங்காப்பி நிறம். அது போய்ச் சிறுநீரகத்தை அடைத்துவிட்டது. தண்ணீர் இருந்திருந்தால் கழுவிக்கொண்டு போயிருக்கும். தண்ணீர் இல்லாத உடம்பில் உப்பையும் போட்டு, வலி மாத்திரையையும் போட்டது எரிகிற வீட்டின் கதவைச் சாத்தியதுபோல.

உப்பு மாத்திரை எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு முனிராஜ் தலையில் அடித்துக்கொண்டார்.

"மாத்திரய எத்துக்கினு போனவன் பானய இன்னாத்துக்கு வுட்டுட்டுப் போனான்? கனமா இருந்திச்சாமா?"

டயாலிசிஸ் (கெட்டுப்போன சிறுநீரகத்தின் வேலையை வேறு வழியில் செய்வது) செய்தார்கள். எனக்குச் செய்தது வயிற்று வழியாக. தொப்புளுக்குக் கீழே துளை போட்டு ஒரு குழாயைச் செருகி, திரவத்தை உள்ளே விட்டு, ஊறவைத்து, வடிப்பார்கள். உடனே மறுபடியும் விடுவார்கள். வயிறு நிறையும்போது மூச்சு முட்டும், வடியும்போது குடலையே இழுப்பதுபோல இருக்கும். மயங்கிக் கிடப்பீர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முழுக்க விழிப்பாகத்தான் இருப்பீர்கள். ஆனாலும் பயப்பட வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருங்கள், அது உதவும்.

இதில் பெரிய கொடுமை தாகம். தண்ணீர் இல்லாததால் வந்த நோய்க்கு, வந்த பிறகு தண்ணீரை அளந்துதான் கொடுப்பார்கள். வெளியேற வழியில்லாத தண்ணீர் நுரையீரலில் தேங்கிவிடும். முனிராஜ் ஈரத் துணியால் என் உதட்டைத் துடைப்பார். நான் துணியைக் கடித்து உறிஞ்சுவேன். "மே, துணிய வுடு மே, அது ஆஸ்பத்திரித் துணி" என்று சொல்லிவிட்டு, சிரிக்கப் பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கம்பெனியிலிருந்து தனபால் சார் ஆப்பிள் கொண்டு வந்தார். ஆப்பிளை டாக்டர் வேண்டாம் என்றிருந்தார். தனபால் சார் என்னிடம் பேசவில்லை, முனிராஜிடம் பேசினார்.

"விரதம்னு முன்னாடியே சொல்லியிருந்தா டீம்லயே எடுத்திருக்க மாட்டேன்பா. பொம்பளைங்க பக்திக்கு நாம என்ன செய்ய முடியும்?"

"எந்த விரதம் சார்?" என்றார் முனிராஜ்.

"அதான், அம்மன் விரதம். எல்லாரும் சொல்றாங்களே."

எழுந்து உட்கார எனக்கு உடம்பு இல்லை. இருந்திருந்தால் ஆப்பிளை அவர் மேலேயே எறிந்திருப்பேன். பிறகுதான் தெரிந்தது, விரதக் கதையை அவர் மேலதிகாரிகளிடம் சொல்ல, யார் கேட்டாலும் அதுவே கம்பெனியின் பதிலாகிவிட்டது. என் பக்தி என் சிறுநீரகத்தைக் கெடுத்ததாம். கோப்பை வாங்கிய மற்றவர்களுக்கு வேலை நிரந்தரமானது. இறுதி ஆட்டத்தை முழுவதும் ஆடாததால் எனக்கு இல்லை. நீண்ட நாள் வராததால் என் பெயரையும் எடுத்துவிட்டார்கள்.

ஒரு காலையில் சிறுநீர் வந்தது. கொஞ்சம்தான், வெளிறிய நிறத்தில். முனிராஜ் அளவு மக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வார்டு நடுவில், "வந்திருச்சு! வந்திருச்சு!" என்று கத்தினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள். கோப்பைக்குக்கூட எனக்கு அப்படி யாரும் கைதட்டியதில்லை.

வீட்டுக்கு வந்தேன். முழுக்கத் தேறவில்லை. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் எவ்வளவு தங்குகிறது என்று காட்டுவது) கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. பிள்ளை பெறுவதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். பிறகு எப்போது என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அந்த ஒரு சொல்லோடு நானும் முனிராஜும் பஸ்ஸில் ஓசூர் வந்து சேர்ந்தோம்.

உங்களில் என்னைப்போல் பிழைத்தவர்களுக்கு: டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையைத் தொடாதீர்கள். நாட்டு மருந்துக்காரர் சிறுநீரகத்துக்குப் பஸ்பம் தருகிறேன் என்றால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். நன்றாக இருக்கிறதே என்று பரிசோதனையை நிறுத்தாதீர்கள். இந்த உறுப்பு வலித்துச் சொல்லாது.

என் உடம்பு இப்போது எனக்குப் புதிய ஆள். முன்பு அதை வேலைக்கு அனுப்புவேன், மைதானத்தில் விரட்டுவேன், அதுவும் கேட்கும். இப்போது நான்தான் அதைக் கேட்டு நடக்கிறேன். கால் வீங்கினால் அன்று எந்த வேலையும் இல்லை. வருடம், மாதம் என்று எண்ணுவது போய்விட்டது. ஒரு ரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்தது வரைதான் என் காலம். அதற்கு அப்பால் இருப்பதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இவ்வளவையும் விழுங்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். போன வாரம் கஸ்தூரி வீட்டுக்கு வந்தாள். அவள் இப்போது புதிய பெண்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்தவள் நெடுநேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"மறுபடியும் கிருஷ்ணகிரிலதான் வைக்காவ. புதுப் புள்ளைகளக் கூட்டி வச்சு, தண்ணி குடிக்கப்புடாதுன்னு அதே பேச்சு பேசுதாரு. ராசம்மாவுக்கு என்னாச்சுன்னு ஒரு புள்ள கேட்டுச்சு. அவ விரதம் இருந்தான்னு சொல்லிட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலட்டி. எனக்கு வாய் வரல. அதைத்தான் சொல்ல வந்தேன்."

அவளை நான் திட்டவில்லை. ஊரில் அவள் அனுப்பும் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு குடும்பம் இருக்கிறது. எனக்கு இழக்க வேலை இல்லை. முனிராஜுக்கு இருக்கிறது, அதே கம்பெனியில், அதே உலையில். அவரிடம் கேட்டேன்.

"எழுது. பேரு போட்டு எழுது" என்றார். "உல எங்க போனாலும் கீது."

ஆகவே எழுதுகிறேன். தனபால் சார், எனக்கு உங்கள் ஆப்பிளும் வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லும் சமாதானமும் வேண்டாம். போட்டி தொடங்கும் நாளில் எல்லா அணிகளும் வரிசையில் நிற்கும். நானும் வருவேன், நிழலில் நிற்பேன். மைக்கைப் பிடித்து, அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்து, அவர்கள் காது கேட்கச் சொல்லுங்கள்: அன்று எங்களைத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொன்னது யார்?