லெஸ்லி கட்டிய கன்று

மாரி காலத்தில் விடியற்காலைப் பூசைக்குப் போனால் உறைபனியில் வழுக்காமல் கோயில் படியில் உப்புத் தூவியிருக்கும். கவுன்சில்காரர் தூவுகிறார்கள் என்றுதான் மூன்று வருசம் நினைத்திருந்தேன். ஒருநாள் நேரத்தோடு போனபோது லெஸ்லி வாளியோடு நின்றான். என்னைக் கண்டதும் களவெடுத்தவன்போல உள்ளே போய்விட்டான்.

லெஸ்லி மன்னார் ஊர்க்காரன். கனடாவில் பெரிய மாட்டுப் பண்ணை ஒன்றில் ஒன்பது வருசம் குதிரையேறி மாடு பார்த்தவன். கலியாணம் முடித்து லண்டனுக்கு வந்தான். மனைவி செத்த பிறகு எங்கள் கோயில் மண்டபத்தைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவன் கையில்தான் இருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அறைதான் அவனுக்கு வீடு. வாய் கொஞ்சம் பொல்லாதது. கமிட்டித் தலைவர் செபமாலைமுத்துவுக்கு அவனைக் கண்ணிலும் காட்டக்கூடாது. கௌபோய் என்றுதான் கூப்பிடுவார். அவனும் அவரை ஒருநாளாவது தலைவர் என்று சொன்னதில்லை.

போன நத்தாருக்கு, யேசு பாலன் பிறந்த குடிலில் உயிருள்ள கன்று வேணும் என்று தலைவர் வாடகைக்கு ஒன்றை எடுப்பித்தார். பிள்ளைகளின் சத்தத்துக்கு வெருளும், வேண்டாம் என்று லெஸ்லி சொன்னான். ஆர் கேட்டது? பின்னேரம், போன் வெளிச்சங்களுக்கு வெருண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு கன்று ட்ராம் பாதைக்கு ஓடியது. ட்ராமும் வந்துகொண்டிருந்தது. லெஸ்லி கொடிக்கயிற்றில் சுருக்குப் போட்டு எறிந்தான். கழுத்தில் விழுந்தது. கன்றைச் சரித்து மூன்று காலையும் சேர்த்துக் கட்டினான். ட்ராம் போனதும் ஒரே இழுவையில் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு காலாகத் தடவிப் பார்த்தான்.

கட்டியதைத்தான் சனம் வீடியோ எடுத்தது, தடவியதை எடுக்கவில்லை. வாயில்லாச் சீவனை வதைத்தவன் என்று ஊரெல்லாம் ஏச்சு. கமிட்டி கூடி, மன்னிப்புக் கேள், இல்லாவிட்டால் திறப்பை வை என்றது.

"கோயில் வாசலிலை மாடு பிடிக்கிற றோடியோக் கூத்துக் காட்டிப்போட்டாய்," என்றார் தலைவர்.

"கூத்தோ? அது வேலை. வெளியிலை திரியிற மாடுகளை வளைச்சுச் சேர்க்கிறது, கண்டுகளைப் பிடிச்சுக் குறி சுடுறது, வருத்தமெண்டால் மருந்து குடுக்கிறது. முதலிலை றோடியோ எண்டது அதைத்தான். வேலை முடிய, ஆர் கெட்டிக்காரன் எண்டு பண்ணைக்குப் பண்ணை போட்டி போட்டாங்கள். டிக்கற் வித்தது பிறகு. கண்டை வேடிக்கைக்குக் கொண்டுவந்தது நானோ, நீங்களோ?"

அவன் பக்கம் ஒருவரும் நிற்கவில்லை. நானும் அங்கேதான் இருந்தேன். ஆண்டவர் என்னை மன்னிக்கவேணும்.

ஒரு சொல் மன்னிப்புக் கேட்டிருந்தால் அறை மிஞ்சியிருக்கும். அவன் திறப்பை மேசையில் வைத்தான். இரண்டு பையோடு வெளியே வந்தவன் படியில் என்னைக் கண்டு நின்றான்.

"உப்பு வாளி கதவுக்குப் பின்னாலை இருக்கு அக்கா. இவங்கள் தூவமாட்டாங்கள். பாத்து நடவுங்கோ."