ஆயுத பூசைக்குக் கழுவிய படகு

நவமணிக்கு மூக்குதான் கண். லகாட் பக்கத்து எஸ்டேட்டில், ரப்பர் பால் வாளியின் புளிச்ச வாடையில் வளர்ந்த மூக்கு. அதுக்கு டீசல் எம்மாத்திரம்? ஹுத்தான் மெலிந்தாங் ஜெட்டியில், அதாவது ஆற்றோரப் படகுத்துறையில், எவனாவது படகின் அடியில் தேங்கின எண்ணெய்த் தண்ணியை ஆற்றில் பம்ப் அடித்தால் போதும், சீருடையோடு வந்து நிற்பாள். ஆற்றில் கழிவு கலக்காமல் காவல் காக்கிற அரசாங்க வேலை அப்படி. சீனன், மலாய்க்காரன், தமிழன், யாரென்று பார்க்காமல் அபராதச் சம்மன் எழுதுவாள். பின்னால் திட்டுவார்கள். முன்னால் மட்டும் "அக்கா, சாப்ட்டாச்சா?"

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் சுகுமாரன் ஒரு படகுக்காரர். தங்கமான மனுஷன்தான். ஆனால் வீட்டில் தின்ற தட்டைக் கழுவ மாட்டார். படகைத் தினமும் குளிப்பாட்டுவார். "வாரேன்" என்று பெண்டாட்டியிடம் சொல்ல மறந்தாலும் படகிடம் சொல்லாமல் இருக்க மாட்டார்.

ஆயுத பூசை அன்று காலையிலேயே மனுஷன் ஜெட்டிக்குப் போய்விட்டார். படகுக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, எஞ்சினைக் கண்ணாடி மாதிரி துடைத்தார். சாமி முன்னாடி அழுக்கு இருக்கலாமா? அடியில் கிடந்த கறுப்புத் தண்ணியையும் ஒரு சொட்டு விடாமல் பம்ப் அடித்தார். எங்கே? ஆற்றில்தான்! கழிவெண்ணெய் ஊற்றக் கரையிலேயே தொட்டி இருக்கிறது. அது அன்றைக்கு அவர் ஞாபகத்துக்கு வரவேயில்லை. வீட்டைப் பெருக்கி, குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளின கதைதான்.

நவமணி வந்தபோது எண்ணெய்ப் படலம் பக்கத்துப் படகுகளையெல்லாம் சுற்றிப் பளபளவென்று பரவியிருந்தது.

"யாரு ஊத்துனது?"

பக்கத்துப் படகின் சீன முதலாளி ஆ ஹெங் சிரித்தார். எஸ்டேட்டில் மளிகைக்கடை வைத்திருந்த குடும்பம், தமிழ் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. "தெரியாதுலா அக்கா." மலாய்க்காரப் படகோட்டி பாக் மாட் வானத்தைப் பார்த்தார். மீன் பிரிக்கிற இருளாயி, "நான் மீனைப் பாத்தேன்மா, ஆத்தை யாரு பாத்தா?" என்றாள்.

சொட்டுகிற பம்ப் குழாய் யார் படகில் தொங்குகிறது என்று நவமணிக்குத் தெரியாதா? ஆனால் ஊற்றியதைப் பார்த்த ஒருத்தராவது சொல்லாமல் எழுதினால் மேலிடத்தில் நிற்காது.

ஆ ஹெங் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு நாங்க ஒண்ணும் பாக்கல. இனிமே நீயும் பாக்காத. சரிதானே?"

அவ்வளவுதான். இதற்கு அவள் தலையாட்டினால், நாளையிலிருந்து இந்த ஜெட்டியில் அவள் பேச்சை நாய்கூட மதிக்காது. இத்தனை வருஷமாக வாங்கின திட்டெல்லாம் வீண். கை பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது.

தேங்காயும் கையுமாக நின்ற சுகுமாரன் அந்தக் கையைப் பார்த்தார். ஆ ஹெங் சொன்னதும் அவர் காதில் விழுந்திருந்தது.

"நான் பாத்தேன்," என்றார்.

"யாரை?"

"என்னையத்தான். நான்தானே பம்ப் அடிச்சேன்? பூசை அவசரத்துல புத்தி போயிருச்சு. எழுதிக்க, மணி. என்னால நீ இவங்க முன்னாடி தலை குனியக் கூடாது."

நவமணி சம்மன் புத்தகத்தைத் திறந்து, அந்நியரை அழைக்கிற மலாய் மரியாதையோடு, "என்சிக் சுகுமாரன், டூட்டி நேரத்துல மணின்னு கூப்பிடாதீங்க," என்றாள். குரல் கட்டளை மாதிரி வரவேயில்லை.

இருளாயி மீன் கூடையைக் கீழே வைத்தாள். "அட, அவரே சொல்லிட்டாரு! எனக்கென்ன? நானும் பாத்தேன்மா. விடிஞ்சதுலேருந்து அடிச்சாரு."

"ஆமாம், ரெண்டு தரம்," என்று பாக் மாட் வானத்திலிருந்து இறங்கி வந்தார்.

ஆ ஹெங் மட்டும் சும்மா இருப்பாரா? "சோப்புத் தண்ணியும் ஊத்துனான்லா! பாட்டு வேற பாடினான்!"

"போதும்யா!" சுகுமாரன் தேங்காயோடு கையெடுத்துக் கும்பிட்டார். "கேஸைப் பெரிசாக்காதீங்க!"

நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினாள்.