மனசு நோகக்கூடாதென்று சொன்ன ஆமென்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது அடைக்கும், பிறகுதான் வாய் திறக்கும். என் மனைவி இருந்தவரை, காது அடைக்கிற நேரத்திலேயே ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டிவிடுவாள். அவள் ஆண்டவரிடம் போய் ஆறு வருஷம் ஆகிறது. மகள் பெங்களூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் பண்ணி, “சாப்பிட்டீங்களாப்பா?” என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். அதற்கு மேல் என்ன பேசுவதென்று இரண்டு பேருக்குமே தெரியாது.

மின்சார வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறினவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஊழியம் ஒன்றுதான் வேலை. பை நிறையக் கைப்பிரதிகளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் நின்று நீட்டுவேன். வாங்காமல் போகிறவர்களிடம் கோபப்பட்டிருக்கிறேன். நரகத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் என் குரல் தானாக உயர்ந்துவிடும். ஒருமுறை கல்லூரிப் பையன் ஒருவன், “அண்ணாச்சி, நரகத்துக்கு டிக்கெட் கிழிக்கது நீங்கதானா?” என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறிப் போனான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதர் பின்தெருவில் இருந்த தையல்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கண் மங்கியதும் கடையை மகனிடம் விட்டுவிட்டார். தினமும் விடிகாலையில் இரண்டு பேரும் குறுக்குத்துறைக்கு ஆற்றில் குளிக்கப் போவோம். குளித்துவிட்டு அவர் ஈர வேட்டியோடு முருகனைக் கும்பிடப் போவார். அவர் வரும்வரை இரண்டு பேர் துணியையும் மடியில் வைத்துக்கொண்டு நான் படியில் உட்கார்ந்திருப்பேன். பிறகு டீக்கடை. ஒரு வடையைப் பிட்டு ஆளுக்குப் பாதி.

தைப்பூசத்துக்கு அவர் திருச்செந்தூருக்கு நடந்து போய் வருவார். தெருவுக்கெல்லாம் இலை விபூதி கொடுக்கிறவர் எனக்கு மட்டும் ஒரு பொட்டலம் சில்லுக்கருப்பட்டி கொண்டுவருவார். “சாமிகிட்ட வைக்கலவே, கடையில வாங்கினதுதான். பயப்படாமத் தின்னும்” என்பார். நான் தின்பேன். தின்றுகொண்டே அவருக்குச் சுவிசேஷம் சொல்வேன். இருபது வருஷமாகச் சொன்னேன். அவரும் இருபது வருஷமாக “சரிதான்வே” என்று கேட்டுக்கொண்டார். ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை, ஒரு நாளும் அசைந்ததுமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். மகன் மாத்திரை வாங்கக் கீழே இறங்கியிருந்தான். மருந்து மயக்கத்தில் அவர் கண் பாதி மூடிக் கிடந்தது. முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த ஆள் இப்படியே போய்விட்டால்? அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாவமன்னிப்பு ஜெபத்தை வரி வரியாக அவர் காதில் சொன்னேன். அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. கடைசியில், “ஆமென்னு சொல்லும்வே, ஒரு தடவை சொல்லிரும்” என்று அழுதுகொண்டே கெஞ்சினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பைய, “ஆமென்” என்றார்.

அன்று பஸ்ஸில் வீடு வரைக்கும் வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டு வந்தேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் எங்கள் சபையில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் உண்டு. அதில் சாட்சி நேரம் என்று ஒன்று இருக்கிறது. ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். சுகமானவர்கள் சொல்வார்கள், பிள்ளைக்கு வேலை கிடைத்தவர்கள் சொல்வார்கள். மனைவி போன பிறகு நான் எழுந்ததே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை எழுந்தேன். இருபது வருஷ ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது, பின்தெருத் தையல்காரர் ரட்சிக்கப்பட்டுவிட்டார் என்று சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. போதகர் ஐயர் இறங்கிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். உபவாசம் முடிந்ததும் ஒரு குடும்பம் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டது. அவள் போன பிறகு அன்றைக்குத்தான் அத்தனை பேர் என்னோடு பேசினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது?

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எங்கள் சபை அம்மா ஒருத்தி காய்கறி வண்டியருகே தையல்காரர் மனைவியைப் பார்த்துவிட்டு, “உங்க வீட்டுக்காரர் ஆண்டவரை ஏத்துக்கிட்டாராமே, ஸ்தோத்திரம்” என்றிருக்கிறாள். நல்லது சொல்கிற நினைப்பில்தான் சொன்னாள். அந்தப் பேச்சு பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து அவர் சொந்த ஊருக்கே போய்ச் சேர்ந்தது. சித்திரையில் அவர்கள் குலசாமிக்குக் கொடை விழா. உடம்பு தேறி, அவர் மகனோடு ஊருக்குப் போயிருந்தார். பூசை நேரத்தில் அவருடைய சித்தப்பா மகன் எல்லார் முன்னாலும், “வேதத்துல சேந்தவனுக்கு இங்கன என்ன சோலி?” என்று கேட்டுவிட்டார். அறுபத்தேழு வயசு மனிதர், பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தான் கிறிஸ்தவத்தில் சேரவில்லை என்று சாமி முன்னால் சத்தியம் பண்ணிக் காட்ட வேண்டியதாயிற்று.

ஊரிலிருந்து வந்த அன்றைக்கே மத்தியான வெயிலில் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“நான் வேதத்துல சேந்துட்டேன்னு உங்க கோயில்ல சொன்னீராவே?”

“ஆஸ்பத்திரியில நீரு ஆமென் சொன்னீருல்லா?”

“சொன்னேன். நீரு அழுதுகிட்டுக் கெடந்தீரு. உம்ம மனசு நோகக்கூடாதுன்னு சொன்னேன்வே. அதைக் கொண்டுபோயா ஊருக்குக் காட்டுவீரு?”

எனக்குக் காது அடைத்தது. என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே, “ஆத்துமா காரியத்துல மனுஷருக்காக ஆமென் சொல்லக்கூடாது” என்றேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவர் “சரிதான்வே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அவர் ஆற்றுக்கு வரவில்லை. எனக்கும் வீம்பு. நரகத்திலிருந்து ஒருவரைக் காப்பாற்றப் பார்த்தது குற்றமா என்று கேட்டுக்கொண்டே தனியாகப் போய்த் தனியாகக் குளித்தேன். டீக்கடையில் ஒரு முழு வடையை என் முன்னால் வைத்தார்கள். பாதிக்கு மேல் இறங்கவில்லை. வீட்டில் சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். ஜெபம் பண்ண முழங்காலில் நின்றால் என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்கும். “ஆண்டவரே, அவர் கண்ணைத் திறவும்” என்று தொடங்குவேன். கண்ணைத் திறந்து என்னை ரொம்ப நேரம் பார்த்த அந்த முகம்தான் முன்னால் வரும். அவர் அப்போதே முழு நினைவோடுதான் இருந்தார். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். எனக்கு அது அன்றைக்கே தெரியும். தெரிந்தும்தான் சபையில் எழுந்தேன்.

இதை எனக்கு நானே ஒத்துக்கொள்ள மூன்று மாதம் ஆனது. ஆடி மாதக் கடைசி வெள்ளியில் சாட்சி நேரத்துக்கு மறுபடியும் எழுந்தேன். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. நான் முன்பு சொன்னது பொய்ச் சாட்சி, அவர் ரட்சிக்கப்படவில்லை, எனக்காகத்தான் ஆமென் சொன்னார், அவர் குடும்பத்தை நான் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று சொல்லி உட்கார்ந்தேன். அல்லேலூயா சொல்ல யாரும் இல்லை. ஐயர் அவசரமாக ஒரு பாட்டைச் சொல்லிப் பாட வைத்தார். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது மூப்பர் ஒருவர், “வெதைச்சது வெதைச்சாச்சு, அதை ஏன் நீங்களே புடுங்குதீக?” என்றார். அன்று என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை. ஹோட்டலில் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலையில் தையல்காரர் வீட்டுக்குப் போனேன். மறுபடியும் உடம்பு சரியில்லாமல் முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தார். கால் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவள், உள்ளே போய்விட்டாள்.

“கேள்விப்பட்டேன்” என்றார் அவர். “கோயில்ல எழுந்து சொன்னீராமே. உமக்கு எதுக்குவே இந்த வேலை? கொஞ்சம் மதிச்சுக்கிட்டிருந்தாக, அதையும் கெடுத்துக்கிட்டீரு.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை விலக்குவது போலக் கையை ஆட்டினார். “அதை விடும். ஒண்ணு கேக்குதேன். இருவது வருஷமா என் பின்னாலயே வாரீரு. என்னத்துக்குவே அவ்வளவு அவசரம்?”

நரகம் என்று சொல்லத்தான் வாய் போனது. வரவில்லை. பதிலாக, நான் யாரிடமும் சொல்லாதது வந்தது. “என் வீட்டுக்காரி அங்கன பரலோகத்துல இருக்கா. ஆனா அவகிட்டயும் நான் ரொம்பப் பேசினவன் இல்ல. நீரும் வரலைன்னா அங்கன போயி நான் யாருகூடவே உக்காந்திருப்பேன்? இங்கன இருக்க மாதிரிதான் இருக்கணும்.”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே” என்றார். “தீ எரியும், புழு அரிக்கும்னே சொல்லிக்கிட்டுக் கெடந்தீரு. என்மேல உமக்குக் கோவம்னுல்லா நெனைச்சேன்.”

மதினி டீ கொண்டுவந்து வைத்தாள். பாதி குடித்த பிறகு அவரே கேட்டார். “உம்ம ஆண்டவரு எப்பயாச்சும் அழுதிருக்காரா?”

“அழுதிருக்காரு. சிநேகிதன் ஒருத்தன் செத்தப்போ.”

“அப்போ நல்ல ஆளுதான்” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் அதற்கு மேல் சொல்லவில்லை.

அதன்பிறகு அவரால் ஆற்றுக்கு நடக்க முடியவில்லை. நான் குளித்துவிட்டு நேரே அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். கால் பிடித்துவிடுவேன், பேப்பர் படித்துக் காட்டுவேன். ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு காலையில் போனபோது, வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். நெற்றி நிறைய விபூதி. மத்தியானம் தூக்குவதற்கு முன்னால் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து, தட்டிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்து அவர் வாயருகே இட்டார்கள். எங்கள் ஆட்கள் இதைச் செய்வதில்லை. பிள்ளையாக இருக்கும்போதே கண்டிப்பாகச் சொல்லி வளர்த்தது. நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். அந்தச் சித்தப்பா மகன் தட்டோடு நேரே என்னிடம் வந்தார். “என்ன அண்ணாச்சி, இத்தனை வருஷச் சிநேகம், ஒரு பிடி போடமாட்டீகளா?” என்று சத்தமாகவே கேட்டார். பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போட்டால் ஆண்டவருக்கு முன்னால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. போடாவிட்டால் சிநேகிதருக்கு முன்னால் என்ன சொல்வேன் என்றும் தெரியவில்லை. என் கை பாதி நீண்டுவிட்டது.

உள்ளேயிருந்து மதினி எழுந்து வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. “அவரை விட்டுருங்க” என்றாள். “அவுக போன வாரமே என்கிட்டச் சொல்லிட்டாக. அவரு வேதக்காரரு, அரிசி போடச் சொல்லி அவரை ஒருத்தரும் வற்புறுத்தக்கூடாது, அவரு மனசு நோகும்னு சொல்லிட்டுத்தான் போயிருக்காக.”

சித்தப்பா மகன் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். நான் அத்தனை பேர் நடுவிலும் வாய்விட்டு அழுதேன். நின்றவர்கள் சங்கடப்பட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். என்னைத் தேற்றத் தெரிந்த ஒரே மனிதர் நடுவீட்டில் படுத்திருந்தார்.