ஐம்பத்து மூன்றும் நாற்பத்தெட்டும்

எங்கள் ஊர்ச் சதுக்கத்தில் பதினேழு வில்லிஸ் ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும். பதினாறை நாங்கள் ஆண்கள் ஓட்டினோம். பதினேழாவது ருபியேலாவுடையது. எல்லா வண்டிகளும் எங்களைவிட வயதில் மூத்தவை. ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் இருக்கும். எது பிறவியில் வந்தது, எது பிறகு ஒட்டவைத்தது என்று வண்டிக்கே தெரியாது.

ருபியேலா ஆல்ட்டோ மலையில் பிறந்தவள். சின்ன வயதில் காப்பிப் பழம் பறித்தாள். பிறகு பதினோரு வருஷம் காப்பி கொள்முதல் செய்யும் இடத்தில் வேலை. மூட்டைக்குள் கம்பி விட்டு மாதிரி எடுத்துச் சொத்தைக் கொட்டையைப் பொறுக்கி எண்ணுவாள். முப்பத்தெட்டாவது வயதில் மாமாவின் ஜீப்பை வாங்கி, பச்சை பெயிண்ட் அடித்து, வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினாள். நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தவன்தான், மறைக்க என்ன இருக்கிறது.

சிரிக்க எங்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஆல்ட்டோ ஏற்றத்தின் அடியில் அவள் ஒவ்வொரு தடவையும் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் லீவரைப் போட்டுத்தான் ஏறுவாள். எங்கள் சதுக்கத்தில் அது மானக்கேடு. வெறும் பின்சக்கரத்தில், பதினெட்டு பேரையும் எட்டு வாழைத்தாரையும் ஏற்றிக்கொண்டு ஏறுகிறவன்தான் ஓட்டுநர். மழை வெள்ளமாக ஓடினால்தான் நாங்கள் அந்த லீவரைத் தொடுவோம், அதுவும் யாரும் பார்க்காதபோது.

"என்ன ருபியேலா, நாலு காலும் வேணுமா? குழந்தைதான் நாலு கால்ல போகும்!" என்பார் எவேலியோ. அவர்தான் எங்கள் வரிசைக்குத் தலைவர்; மரியாதைக்குத் 'தோன்' என்போம். யார் எந்தப் பாதையில் ஓட்டுவது என்பது அவர் வாயில்.

"குழந்தை விழுந்து பாத்திருக்கீங்களா தோன் எவேலியோ? ரெண்டு கால்ல நடக்கிற குடிகாரன்தான் விழுவான்" என்பாள் அவள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அறுவடை நடுவில், அவள் வண்டியின் பின் அச்சு உடைந்தது. மெக்கானிக் அன்சிசார் பக்கத்து ஊர்ப் பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொன்று கொண்டுவந்து மாட்டினான். துணைக்கு எவேலியோவும் போயிருந்தார். போல்ட் துளை பொருந்தியது, சக்கரம் பொருந்தியது, வண்டி ஓடியது. வேறென்ன வேண்டும்?

அதற்குப் பிறகுதான் சனியன் பிடித்தது. ஏற்றத்தில் மண் பாதை இருக்கும்வரை வண்டி ஒழுங்காகப் போகும். மேலே சிமெண்ட் தடம் போட்ட இடம் வந்ததும் துள்ளும், அடியில் டமார் என்று அடிக்கும், லீவர் இறுகிக்கொண்டு வெளியே வராது. முதல் தடவை, இன்ஜினிலிருந்து அச்சுக்குப் போகும் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ் முறிந்தது. இரண்டாவது தடவை கியர் பெட்டியில் பல் போனது. மூன்றாவது தடவை, போன ஆகஸ்டில், கிராஸ் மறுபடி முறிந்து, வண்டி பின்னால் உருண்டு பள்ளத்தில் சாய்ந்தது. தையல்காரி ஒதிலியாவின் வலது தோள் நொறுங்கியது. அந்தக் கை இன்றைக்கும் தோளுக்கு மேல் தூக்க வராது.

"கை சரியில்ல. பொம்பளைக்கு கியர் தெரியாது" என்றார் எவேலியோ. நாங்கள் தலையாட்டினோம். பயணிகள் அவள் வண்டியைத் தாண்டி அடுத்ததில் ஏறத் தொடங்கினார்கள். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம், அவள் வாய்க்கு. பிறகுதான் புரிந்தது, அவளும் அதையே நம்பினாள். தன் கையால்தான் ஒதிலியாவின் கை போனது என்று நம்பினாள்.

இந்த ஜூலையில் நாலாவது தடவையும் கிராஸ் முறிந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்வோம், ருபியேலாவை ஆல்ட்டோ பாதையிலிருந்து எடுத்துவிடலாம் என்றார் எவேலியோ. அவளுக்கு வீடு ஆல்ட்டோவில். ஜனங்கள் ஆல்ட்டோவில். தன் சொந்தப் பாதையில் ஓட்டத் தகுதியில்லாதவள் என்று ஊரே கை தூக்கிச் சொல்லப்போகிறது.

சனிக்கிழமை காலை அவள் அன்சிசாரின் பட்டறைக்கு வந்தாள். நான் அங்கே டயருக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தேன்.

"அன்சிசார், அந்த அச்ச மாட்டும்போது பல் கணக்கு பாத்தியா?"

"பாக்காமலா? ஒரு சக்கரத்த ஜாக்கில தூக்கி ஒரு சுத்து சுத்தினேன். ஷாஃப்ட் ரெண்டரை சுத்து சுத்திச்சு. முன்பக்கமும் அதே ரெண்டரை. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒரே ஒரு சுத்தா?"

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு போதாதா?"

"சோத்துக்குப் போதும். மூட்டைக்குப் போதாது" என்றாள். "ஒரு கைப்பிடியில ஒரு சொத்தை கூடக்குறைய இருந்தா எவனுக்கும் தெரியாது. மூட்டையைக் கொட்டினாத்தான் தெரியும். ஜாக்க எடு."

கை பிரேக் பின் ஷாஃப்டையே பிடிக்கிற வண்டி இது, அதனால் அதைத் தளர்த்திவிட்டுச் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். கியர்களை நியூட்ரலில் போட்டோம். முன்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினோம். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, ஷாஃப்டில் ஒரு கோடு. நான் சக்கரத்தைச் சுற்ற, அவள் அடியில் மல்லாந்து படுத்து, ஷாஃப்டின் கோடு ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் கிண்ணத்தில் ஒரு காப்பிக்கொட்டை போட்டாள். சரியாக இருபது சுற்று. பிறகு பின்பக்கம், இன்னொரு கிண்ணம், அதே இருபது.

முன் கிண்ணத்தில் ஐம்பத்து மூன்று கொட்டை. பின் கிண்ணத்தில் நாற்பத்தெட்டு.

அன்சிசார் இரண்டு தடவை எண்ணினான். பிறகு இரண்டு அச்சின் மூடிகளையும் கழற்றிப் பல்லை எண்ணினான். பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம் இரண்டிலும் எட்டுப் பல். பெரிய பல்சக்கரத்தில் முன்னால் நாற்பத்து மூன்று, பின்னால் முப்பத்தொன்பது. லீவரைப் போட்டதும் இரண்டு ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பின்சக்கரம் பத்தடி போகவேண்டும் என்னும், முன்சக்கரம் ஒன்பதுக்கு மேல் வரமாட்டேன் என்னும். மண்ணில் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். சிமெண்டில் வழுக்க இடமில்லை, இரும்புதான் முறியவேண்டும்.

"என்னை மன்னிச்சிரு ருபியேலா" என்றான் அன்சிசார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அந்த இரும்புக் கடையில இதே மாதிரி அச்சு வேற யாராவது வாங்கினாங்களா?"

அன்சிசார் மூடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தோன் எவேலியோ. ஆறு வருஷம் முன்னாடி. அவர்தான் அந்தக் கடைய எனக்குக் காட்டினார்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம். ருபியேலா இரண்டு கிண்ணங்களையும் மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். எவேலியோ சிரித்தார். "வண்டி ஓட்டத் தெரியலன்னா கொட்டை எண்ண வேண்டியதுதான்!"

"உங்க வண்டியையும் எண்ணலாமா?"

"என் வண்டிக்கு என்ன? ஒரு நாளாவது நின்னிருக்கா?"

"நிக்காத வண்டிய எண்ண ஏன் பயப்படணும்?" என்று யாரோ கேட்டார்கள். நான்தான் கேட்டேன்.

சதுக்கத்தின் நடுவிலேயே ஜாக் போட்டோம். ஊரே சுற்றி நின்று உரக்க எண்ணியது, திருவிழாவில் வாணம் எண்ணுகிற மாதிரி. முன்னால் ஐம்பத்து மூன்று. பின்னால் நாற்பத்தெட்டில் ஷாஃப்ட் நின்றது. எண்ணின வாய்களும் நின்றன.

எவேலியோ தொப்பியைக் கழற்றினார்.

"ஆறு வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட லீவர் போடலியா?" என்று கேட்டாள் ருபியேலா.

"ஒரு தடவை போட்டேன். டமார்னு அடிச்சுது. அப்புறம் தொடல."

"அப்போ என் வண்டி அடிச்சப்போ உங்களுக்குத் தெரியும்."

அவர் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால், ஆறு வருஷமாக வெறும் பின்சக்கரத்தில் ஏறினது வீரத்தால் அல்ல, பயத்தால் என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒரு பெருமையைக் காப்பாற்ற ஒரு பெண்ணின் பேரைப் பலி கொடுத்திருக்கிறார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. என்மேல் வந்ததும்தான்.

யாரும் கை தூக்கவில்லை. பாதை அவளுடையதாகவே இருந்தது. ஆனால் அவள் அங்கிருந்து நகரவில்லை.

"இங்க சொன்னது போதாது. ஒதிலியா வீட்டுக்கு வந்து சொல்லுங்க" என்றாள் எவேலியோவிடம்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடவே போனோம். ஒதிலியா இடது கையால் கதவைத் திறந்தாள். எவேலியோ தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார். "அன்னைக்கு வண்டி உருண்டதுக்கு ருபியேலா கை காரணமில்லம்மா. அச்சு தப்பு. எனக்குத் தெரிஞ்சும் வாயத் திறக்கல."

ஒதிலியா கதவை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"அவ கைன்னு நான் ஒரு நாளும் சொல்லலியே. நீங்கதானே சொன்னீங்க" என்றாள்.

ருபியேலா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஒதிலியா பக்கத்தில் உட்கார்ந்து, தூக்க முடிந்த கையை அவள் முதுகில் வைத்தாள். எவேலியோ போவதா நிற்பதா என்று தெரியாமல் வெயிலில் நின்றார். நாங்கள் யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.