தூணடியில் ஒரு மூச்சு

லூர்துசாமி இறந்த செய்தியைச் சொல்ல அவருடைய மகள் புத்தூரிலிருந்து பஸ் ஏறி ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு வந்தாள். "ஐயங்கார் மாமாகிட்ட நேர்ல போய்த்தான் சொல்லணும்னு அப்பா சொல்லியிருந்தாங்க" என்றாள்.

நானும் அவரும் ஒரே காண்டிராக்டரிடம் நீர்மூழ்கி வேலை பார்த்தவர்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் பம்பாயிலிருந்து ஒரு புது ரெகுலேட்டர் வந்தது. சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி தணித்துத் தரும் கருவி அது. பழையதில் சிலிண்டரின் அழுத்தமே வால்வைத் திறக்கத் துணை நிற்கும். காற்று குறையக் குறைய அந்தத் துணையும் குறைந்து, மூச்சிழுப்பது கனக்கும். புதியது சமன்படுத்தப்பட்ட வகை. சிலிண்டர் அழுத்தம் அதன் வால்வை எந்தப் பக்கமும் தள்ளாது. ஏறக்குறையக் கடைசிவரை மூச்சு லேசாகவே வரும்.

நான் புதியதை ஆசையாக எடுத்துக்கொண்டேன். லூர்துசாமி தொடவில்லை. "நமக்குப் பழசே போதும் ஐயங்காரே. காவேரித் தண்ணி கலங்கிக் கெடக்கு, காத்து மீட்டர் முள்ளு கண்ணுக்குத் தெரியாது. கஷ்டம் வந்தா முன்கூட்டியே சொல்ற சாமான்தான் எனக்கு வேணும்."

வெள்ளம் வடிந்த சமயம். பாலத் தூணின் அடியில் மண் அரித்த குழிக்குள் இருவரும் நுழைந்தோம். தடவித் தடவித்தான் வேலை. அவர் என் தோளைத் தட்டி, வெளியேறலாம் என்று கையைப் பிடித்து இழுத்தார். அவருக்கு மூச்சு கனக்கத் தொடங்கிவிட்டது. எனக்கோ சுகமாக வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் என்று கையை உதறினேன். சற்று நேரத்தில் எனக்கு இரண்டு மூச்சு இறுகியது. அடுத்தது வரவே இல்லை. தலைக்கு மேலே கல். நேராக எழும்பவும் வழியில்லை.

காற்று தீர்ந்தது என்று காட்ட, அவர் கையைப் பிடித்து என் தொண்டையில் வைத்தேன். உடனே தன் வாயிலிருந்ததை எடுத்து என் வாயில் திணித்தார். மாற்றி மாற்றி மூச்சு வாங்கியபடி, தவழ்ந்து வெளியே வந்து மேலே ஏறினோம்.

படகில் இருமி முடித்ததும் அவர் முதலில் சொன்னது: "எச்சிலாச்சேன்னு வருத்தப்படாதீங்க. வீட்டுல சொல்லவேணாம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்று மாலையே புத்தூரில் அவர் வீட்டில் முதன்முதலாகக் காப்பி குடித்தேன். அம்மாவிடமும் சொன்னேன். அம்மா பெருமாளைச் சேவித்துவிட்டு, "அவரை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிண்டு வா" என்றாள்.

அவரை அறிந்தவர்கள் அவருடைய துணிச்சலைப் பேசுவார்கள். நான் மனதில் வைத்திருப்பது வேறு. அந்த இருட்டில் அவரிடம் இருந்ததே சொற்பக் காற்று, அதுவும் பாடுபட்டு இழுத்தால்தான் வரும். அதில் தனக்கென்று ஒரு மூச்சுகூட எடுத்துக்கொள்ளாமல் எனக்குத்தான் முதலில் கொடுத்தார்.