அக்காவின் தவலையும் மாமாவின் எஞ்சினும்

என் அம்மா கோவிந்தம்மா, என் அக்காவின் கல்யாணத்துக்குக் கொடுத்த சீரில் உருப்படியான சாமான் ஒரு செப்புத் தவலைதான். அதை அக்காவின் புருஷன், என் மாமா வேதாசலம், வெட்டி ரயில் எஞ்சின் செய்துவிட்டார். இப்படி ஒரே மூச்சில் சொன்னால் அவரைப் பைத்தியம் என்பீர்கள். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பழவேற்காடு மீன் மார்க்கெட்டில் எனக்கு ஐஸ் வியாபாரம். ஐஸ் உடைத்துப் பெட்டியில் கொட்டுகிற நேரத்தில் பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே.

மாமா பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவுக்காரர். அவருடைய நைனா, அண்ணன், எல்லோரும் ஏரியில் வலை போட்டவர்கள். இவருக்கு மட்டும் படகில் ஏறினால் குமட்டும். அதனால் ஐ.டி.ஐ. படித்து, மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் டர்னராகச் சேர்ந்தார். லேத்தில் வருஷக்கணக்காக ஒரே வேலை, புஷ் கடைவது. பித்தளையில் ஒரு வளையம், நடுவில் ஓர் ஓட்டை, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இருநூறு கடைவார்.

"அது எதுல போய் மாட்டுது மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தெரியாதுடா தங்கவேலு. பொட்டியில போட்டு அனுப்பிடுவாங்க" என்றார். சொல்லிவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

லட்சக்கணக்கில் செய்திருப்பார். அதில் ஒன்றுகூட எதிலாவது மாட்டி ஓடி அவர் பார்த்ததில்லை. தன் கையால் ஒரு பொருளை முழுசாகச் செய்ய வேண்டும், அது தானாக ஓட வேண்டும், அதைத் தான் பார்க்க வேண்டும். அந்த மனுஷன் வாழ்க்கையில் கேட்டது இது ஒன்றுதான்.

எண்பத்தைந்தாம் வருஷம் கரி எஞ்சின்களை ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா தினமும் போகிற பாதையில், ஒரு யார்டில், சரக்கு எஞ்சின் ஒன்று உடைப்புக்காக நின்றது. பக்கத்துக்கு நாலு பெரிய சக்கரம். வாட்ச்மேனிடம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு நாள் உள்ளே போய் அளவெடுக்க அனுமதி வாங்கினார். ஆனால் அங்கே பித்தளைச் சாமான் திருட்டுப் போயிருந்த சமயம். ஸ்கேல், டேப், கருவி எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாட்ச்மேன் கறாராகச் சொல்லிவிட்டார்.

மாமா அக்காவின் வலைக்கூடையிலிருந்து பருத்தி நூல்கண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். நைலான் நூலில் முடிச்சு வழுக்கும், பருத்தியில் வழுக்காது. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு முடிச்சு. எந்த முடிச்சு எதற்கு என்று நோட்டில் குறிப்பு. முதல் நாள் சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் சட்டமும். மறுநாள் வேறு நூலில் பாய்லர், சிலிண்டர், சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கிற தண்டுகள். வீட்டுக்கு வந்து நூலை ஸ்கேலில் வைத்து, அடிக்கு அரை அங்குலம் என்று சுருக்கிக்கொண்டார். அடுத்த வாரம் அந்த எஞ்சினைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கம்பெனி கழித்துப்போட்ட குட்டி லேத் ஒன்று மாமாவிடம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகை போட்டு அதில் உட்கார்ந்தார். இரும்பு உருளையைச் சில்லு சில்லாக அறுத்து, ஆரங்களுக்கு இடையே ஓட்டை போட்டு, அரத்தால் ராவி ராவிச் சக்கரம் செய்தார். பெரிய சக்கரமே எட்டு. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் லீவு. இரண்டு வருஷம் ஓடிப்போயிற்று.

பாய்லருக்குச் செம்பு வேண்டும். இங்கேதான் தவலை வருகிறது.

எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அந்தத் தவலையில்தான் வெந்நீர் காயும். கடைசியாக அதில் குளித்தவன் நான். அம்மாவுக்குப் பிரசவத்தில் உடம்பு முடியாமல் போனதால் பதினோரு வயசு அக்காதான் என்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள் என்பார்கள். அக்கா பெயர் பவுனம்மாள். கல்யாணத்தின்போது, "உன் புள்ளைங்களுக்கு ஆவும்" என்று அம்மா தவலையைக் கையில் கொடுத்தாள். பதினாலு வருஷம் அது பரணில் கவிழ்ந்தே கிடந்தது. கோயிலுக்கும் போனார்கள், மாதா கோயிலுக்கும் போனார்கள், சென்னை டாக்டரிடமும் போனார்கள். ஒன்றும் ஆகவில்லை.

மாமா செம்புத் தகடு தேடி அலைவதைப் பார்த்து, அக்காவே பரணில் ஏறித் தவலையை இறக்கினாள். நான் அன்று அங்கேதான் இருந்தேன்.

"மேல குந்திக்கினு இன்னா பண்ணுது? எட்த்துக்கோங்க. ஒன்னே ஒன்னு. இதுல மறுபடி தண்ணி காயணும்" என்றாள்.

"காயும் பவுனு" என்றார் மாமா.

எனக்கு வந்ததே கோபம். "அம்மா சாமானை வெட்டி வெளையாட்டுச் சாமான் பண்றதா? இன்னாக்கா இது?" என்று கத்தினேன்.

"எனக்குக் குட்த்ததுதானேடா?" என்றாள் அக்கா. குரலைக்கூட உயர்த்தவில்லை. ஒரு வருஷம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

திரும்பப் போனது அக்கா கூப்பிட்டனுப்பியதால். போனால், கொட்டகை பூட்டிக் கிடந்தது. மாமா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். தவலைத் தகட்டை வளைத்து, வெள்ளிப் பற்றாசால் ஒட்டிப் பாய்லரை முடித்துவிட்டார். தண்டுகளையும் செய்தார். சக்கரத்து முளையில் தண்டை மாட்டப் போனால், ஓட்டை கிட்டத்தட்ட ஓர் அரிசி நீளம் தள்ளி நிற்கிறது. பாய்லரைத் தூக்கி வைத்தால் சட்டத்தில் உட்காரவில்லை, பிதுங்குகிறது. திரும்பத் திரும்ப அளந்தார். நோட்டில் போட்டபடியேதான் எல்லாம் இருந்தது. ஆனாலும் சேரவில்லை.

"கை போச்சுடா. கம்பெனியிலகூட ஒவ்வொரு புஷ்ஷையும் ரெண்டு தபா அளக்கறேன். என் கையை நானே நம்பல" என்றார் மாமா.

எனக்குக் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஊரெல்லாம் அவரைக் கிண்டல் பண்ணிய நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அக்கா பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்திவிட்டு, "எதெது சேரல?" என்று கேட்டாள்.

"மொத நாள் எட்த்தது ஒன்னுக்கொன்னு சேருது. ரெண்டாம் நாள் எட்த்தது ஒன்னுக்கொன்னு சேருது. இதும் அதும்தான் சேரமாட்டேங்குது."

அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மொத நாளு நீங்க பஸ்ஸை வுட்டுட்டு படகுல வந்தீங்களே, ஞாபகம் இருக்குதா? படகு சேத்துல தட்டி, எல்லாரும் எறங்கித் தள்ளுனீங்க. இடுப்பு வரிக்கும் நனைஞ்சு வந்தீங்க. உங்க பேண்ட் பாக்கெட்டுல இருந்து நூலை எட்த்துக் கொடியில காயப்போட்டவளே நான்தான்."

மாமா நிமிர்ந்தார்.

"பருத்தி நனைஞ்சா இழுக்காதா?" என்றாள் அக்கா.

பருத்தி நூல் நனைந்தால் சுருங்கும் என்பது எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். புது வலையை நனைத்து, காயவைத்து, சுருங்கவிட்டுத்தான் கயிறு கோர்ப்போம். வலைக்காரர் வீட்டில் பிறந்து, வலைக்காரர் வீட்டில் பெண் எடுத்த மனுஷனுக்கு, அதே நூல் எஞ்சினை அளந்ததும் ஏதோ இரும்புக் கம்பி ஆகிவிட்டதாக நினைப்பு. நானும் ஒரு வருஷம் அவரைத் திட்டினேனே, எனக்கும் தோன்றவில்லை.

அக்கா அதே கண்டிலிருந்து நூல் எடுத்து, ஸ்கேலில் நூறு அங்குலம் அளந்து இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டாள். ஏரியில் முக்கி எடுத்துக் கொடியில் போட்டாள். நாங்கள் மூன்று பேரும் வெயிலில் உட்கார்ந்து ஒரு நூல் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காய்ந்ததும் மாமா அளந்தார். தொண்ணூற்று நாலு.

மாமா இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், பக்கத்து வீட்டு மார்கரெட் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்க்கும்படி சிரித்தார். கை போகவில்லை. நூல்தான் போயிருக்கிறது.

நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். "அப்போ பாய்லரையும் தண்டையும் கொஞ்சம் கொறச்சிடு மாமா. ஒரு மாசத்து வேலை. அந்த எஞ்சினைத்தான் ஒடச்சிட்டாங்களே, எவன் வந்து அளந்து பாக்கப் போறான்?"

"எனக்குத் தெரியுமேடா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "செம்பை ஒருதபாதான் வெட்டலாம். அது உங்க அக்காளுது" என்றார்.

நனையாத நூலில் அளந்த சரியான பாய்லரை வைத்துக்கொண்டு, தப்பான சக்கரங்களையும் சட்டத்தையும் தூக்கிப் போட்டார். நூறு தொண்ணூற்று நாலான கணக்கில் அளவைத் திருத்தி, எட்டையும் மறுபடி அறுக்க வேண்டும், மறுபடி ராவ வேண்டும். இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்று அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஆவட்டும். நான் காத்திருக்காத ஆளா?" என்றாள் அக்கா. ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி வலையைப் பின்னத் தொடங்கினாள். மாமா எழுந்து போய்க் கொட்டகையைத் திறந்தார்.

இரண்டு வருஷம் என்றது மூன்றாயிற்று. ஒரு தை மாத ஞாயிறு, காலை பத்து மணி. வாசலிலிருந்து முருங்கை மரம்வரை பலகை போட்டு, அதன்மேல் இரும்புப் பட்டையில் தண்டவாளம். எஞ்சின் மொத்தமே ஒரு கை நீளம்தான். ஆனால் ஒரு மறையாணி, ஒரு குழாய், ஒரு கைப்பிடி குறையில்லை. உள்ளூர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு, செம்பை அரித்துவிடும் என்று அக்கா மழைத் தண்ணீரைப் பானையில் பிடித்து வைத்திருந்தாள். அதை வடிகட்டி ஊற்றினார்கள். சவுக்குக் கரியைப் பொடித்துப் போட்டு மாமா நெருப்பு மூட்டினார்.

தண்ணீர் காய்கிற சத்தம் கேட்டதும் அக்கா குனிந்து காதை வைத்துக் கேட்டாள். மேலே வால்வு உஸ்ஸென்றது. மாமா கைப்பிடியைத் திறந்தார். எஞ்சின் நடுங்கியது. நகரவில்லை.

"கையால லேசாத் தள்ளிவுடட்டுமா?" என்றேன்.

"தொடாதே!" என்று கத்தினார். என்மேல் அவர் கத்தியது அந்த ஒருமுறைதான். "தானாப் போவணும்."

சிலிண்டரில் தேங்கிய தண்ணீர் புளிச்சென்று வெளியே தெறித்தது. தண்டு ஒருமுறை ஏறி இறங்கியது. அப்புறம் புஸ், புஸ் என்று எட்டுச் சக்கரமும் ஒன்றுபோலச் சுற்ற, அது போயிற்று. முருங்கை மரம்வரை போயிற்று. மாமா மண்ணில் மண்டியிட்டு, குழந்தை மாதிரி தவழ்ந்து அதன் கூடவே போனார். அவர் கைப்பிடியை மாற்ற, அது பின்னோக்கி வந்தபோது அவரும் தவழ்ந்தே திரும்பி வந்தார். முகமெல்லாம் கண்ணீர். துடைக்கத் தோன்றவில்லை அவருக்கு.

"இன்னொரு தபா வுடுங்க" என்றாள் அக்கா. எதையும் கேட்டு வாங்கிப் பழகாதவள். கரி தீரும்வரை ஓடியது.

நெருப்பு அணைந்து சூடு கொஞ்சம் தணிந்ததும், பாய்லரைக் காலி செய்ய மாமா அதன் அடியில் இருந்த குழாயைத் திறக்கப் போனார். அக்கா சட்டென்று ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து கீழே பிடித்தாள். ஆவியோடு வெந்நீர் இறங்கியது. இரண்டு டம்ளர்கூட இருக்காது. அதில் கொஞ்சம் பச்சைத்தண்ணீர் விளாவினாள். பிறகு தன் முழங்கையை மெதுவாக அதில் நனைத்துப் பார்த்தாள்.

குழந்தைக்கு வெந்நீர் பதம் பார்க்கிறவர்கள்தான் முழங்கையை நனைப்பார்கள். கடைசியாக அவள் அப்படிப் பார்த்தது என்னைக் குளிப்பாட்டத்தான்.

"பதமா இருக்குது. கையக் காட்டுங்க" என்றாள் மாமாவிடம்.

எண்ணெயும் கரியும் படிந்த இரண்டு கைகளையும் அவர் நீட்டினார். அக்கா கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவினாள்.