நாலாவது கையெழுத்து

“...பூரண உரிமையாம்! வக்கீல் சொல்கிறார். உரிமையை இலையில் போட்டு ரசம் விட்டுப் பிசையலாமோ, ஓய்?” என்று கேட்டுக்கொண்டே பாலக்காட்டார் கோர்ட்டுப் படியில் இறங்கினார். கூட வந்த எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

கல்கத்தா கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் அவரும் நானும் குமாஸ்தாக்கள். வாய் திறந்தால் வசனம்தான் அவருக்கு. “ஒண்டிக்கட்டைக்கு எந்த ஊரும் சத்திரம்” என்பார். பேச்சுக்குத்தான் ஒண்டிக்கட்டை; மனைவியும் மகளும் பாலக்காட்டில் இருந்தார்கள். தை பிறந்ததும் அவர்களைக் கூட்டி வர, பவானிபூரில் ஒரு வங்காளி அம்மாள் வீட்டின் பின்கட்டைப் பேசி, வயிற்றைக் கட்டிச் சேர்த்ததையெல்லாம் முன்பணமாகக் கொடுத்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் சம்மன் வந்தது.

கதை அவரே சொன்னது. கல்கத்தாவுக்கு வந்த புதிதில், நம் பக்கத்துப் பிள்ளைகள் மூன்று பேர் எடுத்த அறையில் அவரும் ஒரு மாதம் ஒண்டிக்கொண்டாராம். வாடகைப் பத்திரம் எழுதும் நாள். வீட்டுக்காரப் பாபு பேனாவை நீட்ட, மூவரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். மூன்று பேராய் ஒரு காரியம் தொடங்கலாமா? மூன்று பேராய் வெளியே கிளம்ப நேர்ந்தால் நாலாவதாக ஒரு கல்லையாவது எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிற ஜனங்கள் அல்லவா நாம்! “அண்ணா, நீரும் ஒரு கையெழுத்துப் போடும். கல்லுக்குப் பதிலாக நீர்” என்றானாம் ஒருவன். “கல்லானாலும் சோறு தின்கிற கல்லுடா” என்று சிரித்துக்கொண்டே போட்டாராம் இவர். பாபு தடுக்கவில்லை. அவர் ஏன் தடுக்கப்போகிறார்?

மாதம் முடிந்து எங்கள் மெஸ்ஸுக்கு வந்துவிட்டார். பத்திரத்தில் அவர் பெயரை அடிக்கச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு அந்த அறையில் வாடகை நின்றுபோயிற்று. ஒருவன் ரங்கூனுக்குக் கப்பலேறினான். ஒருவன் கல்யாணத்துக்கென்று ஊருக்குப் போனவன் போனவன்தான். மூன்றாமவனை வாந்திபேதி கொண்டுபோயிற்று. ஆதிகங்கைக் கரைச் சுடுகாட்டுக்கு நாங்கள்தான் சுமந்துபோனோம்.

பாபு கெட்டவர் இல்லை. “ரங்கூனில் நான் யாரைத் தேடுவேன், ஐயா? நீர்தான் தினமும் ஆபீசுக்குப் போகிறீர்” என்றார். அவர் கண்ணுக்கு அகப்பட்ட ஆள் இவர் ஒருவர்தான்.

என் பங்கு நாலில் ஒன்றுதானே என்று பாலக்காட்டார் கெஞ்சினார். வக்கீல் தலையை ஆட்டிவிட்டார். “சேர்ந்தும் தனித்தும் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறீரே. இது நாலு துண்டாக நறுக்கிக்கொள்கிற பூசணிக்காய் இல்லை. ஒவ்வொருவர் தலையிலும் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. நீர் கட்டிவிட்டு, மற்றவர்களிடம் அவரவர் பங்கை வசூல் செய்துகொள்ளலாம். அதற்கு உமக்குப் பூரண உரிமை உண்டு.” கடலுக்கு அப்பால் இருப்பவனிடமா, முகவரி இல்லாதவனிடமா, சாம்பலானவனிடமா? கட்டாவிட்டால் சம்பளத்தில் ஜப்தி. எங்கள் கம்பெனியில் ஜப்தி வந்த குமாஸ்தாவுக்கு மறுநாள் நாற்காலி இராது.

இன்று என் பிள்ளையும் சிநேகிதர்களோடு சேர்ந்து அறை எடுத்திருக்கிறான். பத்திரத்தைப் படித்தாயாடா என்றால், “எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன்” என்கிறான்.

அன்று படியிறங்கிய பாலக்காட்டார் நேரே பவானிபூர் டிராமில் ஏறினார், நானும் ஏறினேன். வரப்போகிற மகளுக்காகப் பின்கட்டு உத்தரத்தில் அவரே ஒரு கயிற்று ஊஞ்சல் கட்டிவைத்திருந்தார். அதில் வீட்டுக்கார அம்மாளின் பேத்தி மெல்ல ஆடிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும், “காகு, ஆரோ ஜோரே!” என்று கத்தினாள், சித்தப்பா இன்னும் வேகமாக ஆட்ட வேண்டுமாம். ஆட்டினார். அவளாக அலுத்து இறங்கி ஓடும்வரை ஆட்டினார். பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே குரல் கொடுத்து, முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்.